தாழ்வாரத்துத் தொட்டிக்கு முன்னால்: மார்சிலிங்கிலிருந்து ஒரு வீட்டுத் தோட்ட வரலாறு



‘வீட்டுத் தோட்டம்’ என்று தலைப்புக் கொடுத்தால் நம் பிள்ளைகள் என்ன எழுதுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். புதிய காய்கறி கிடைக்கும், காற்று சுத்தமாகும், மனம் அமைதியடையும், குடும்ப ஒற்றுமை வளரும், பணம் மிச்சமாகும். ஐந்து பத்தி, ஐந்து பயன், ஒரு பழமொழி, முடிவுரை. எதுவும் தப்பில்லை. ஆனால் அந்தக் கட்டுரையை டொரொண்டோவில் இருக்கும் ஒரு பிள்ளையும் அப்படியே எழுதலாம். நம்ம ஊர் வாசனை அதில் ஒரு துளியும் இருக்காது. வாய்மொழித் தேர்விலும் இதே கதைதான்.

ஒரு தொட்டிச் செடிக்கும் வரலாறு இருக்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்க. அந்த வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. மார்சிலிங்கை எடுத்துக்கொள்கிறேன். வேறு வட்டாரத்தில் இருப்பவர்கள் உங்க வட்டாரத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம்.

மார்சிலிங் ரயில் நிலையத்தில் இறங்கி, பழைய புளோக்குகள் இருக்கும் பக்கமாக நடந்து, ஏதாவது ஒரு மாடித் தாழ்வாரத்தைப் பாருங்க. தமிழ் வீடு எது என்று கதவில் கட்டிய மாவிலைத் தோரணத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். கறிவேப்பிலை ஒரு தொட்டி, துளசி ஒரு தொட்டி, கற்பூரவள்ளி ஒரு தொட்டி. பக்கத்திலேயே பண்டான் இலையும் சிறாய் என்று நாம் சொல்லும் எலுமிச்சைப்புல்லும் இருந்தால், அது இந்த மண்ணில் ஊறிப்போன குடும்பம். இந்தச் செடிகள் எல்லாம் இங்கே எப்படி வந்தன? அதற்கு முன்னால் இந்த நிலத்தில் என்ன இருந்தது?

முதலில் ஊர்ப் பெயர். மார்சிலிங் என்பது லிம் நீ சூன் என்ற பெரிய தோட்ட முதலாளியோடு சேர்ந்த பெயர். சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் அவருடைய மூதாதையர் ஊர்ப் பெயரை வைத்து வந்தது. 1879ல் பிறந்து 1936ல் மறைந்த அவர், அன்னாசியிலும் ரப்பரிலும் பெரும் பொருள் சேர்த்தவர். நீ சூன் என்ற அவருடைய பெயரைத்தான் மாண்டரின் உச்சரிப்பில் ‘யீஷூன்’ என்று இன்று சொல்கிறோம். பக்கத்துப் பக்கத்து வட்டாரங்கள் இரண்டுக்கும் ஒரே மனிதரோடு தொடர்பு என்று சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவாங்க.

ரப்பருக்கும் முன்னால் இந்த வடக்குப் பகுதியில் காம்பியரும் மிளகும் பயிரிட்டார்கள். காம்பியர் என்பது இலையைக் கொதிக்க வைத்துச் சாயத்துக்கும் தோல் பதனிடவும் பயன்படுத்திய பொருள். தமிழர்களுக்கு அது வெற்றிலையோடு சேரும் காசுக்கட்டிக்கு நெருங்கிய உறவு. ஆற்றங்கரைதோறும் சீனத் தலைவர்கள் அந்தத் தோட்டங்களை நடத்தினார்கள். லிம் சூ காங், சுவா சூ காங், இயோ சூ காங் ஆகிய பெயர்களின் முன்னால் இருப்பது அந்தத் தலைவர்களின் குடும்பப் பெயர்தான். காம்பியர் மண்ணை உறிஞ்சிவிடும். இலையைக் கொதிக்க வைக்க விறகுக்காகச் சுற்றியிருக்கும் காட்டையும் வெட்டுவார்கள். பதினைந்து இருபது ஆண்டில் மண் செத்துப்போகும். விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள், பின்னால் லாலாங் புல் மண்டிக் கிடக்கும். பிறகு அதே மண்ணில் ரப்பர் வந்தது. ரப்பர் மரம் பால் கொடுக்க ஐந்து, ஆறு ஆண்டு ஆகும் என்பதால் நடுவில் வருமானத்துக்கு அன்னாசி போட்டார்கள்.

ஆக, மார்சிலிங்கில் ‘தோட்டம்’ முதலில் வீட்டுக்கு வெளியேதான் இருந்தது. அது முதலாளியுடைய தோட்டம்.

இங்கே சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேசணும். தமிழாசிரியர்கள் நாம் இதை விட்டுவிடக் கூடாது. சங்க இலக்கியத்தில் வீட்டை ஒட்டிய தோட்டத்துக்குப் ‘படப்பை’ என்று பெயர். தமிழ்நாட்டில் கொல்லை என்பார்கள், புழக்கடை என்பார்கள். இலங்கையில் ‘வளவு’ என்றால் வீடும் அதைச் சுற்றிய நிலமும் சேர்த்து. சிங்கப்பூர், மலேசியத் தமிழில் ‘தோட்டம்’ என்றதும் பெரியவர்கள் மனதில் முதலில் வருவது ரப்பர்த் தோட்டம், எஸ்டேட். ‘அவர் தோட்டத்துல பொறந்தவர்’ என்றால் காய்கறிப் பாத்தியில் பிறந்தார் என்றா அர்த்தம்? லயத்து வீட்டில் பிறந்தார் என்று அர்த்தம். மலாய் ‘கம்போங்’ என்ற சொல்லைக் ‘கம்பம்’ என்று தமிழாக்கிக்கொண்டோம். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில் வட்டாரத்தைச் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றே முன்னோர் அழைத்தார்கள். ஆனால் கொல்லை, புழக்கடை என்ற சொற்கள் இங்கே பிறந்த பிள்ளைகளிடம் இல்லை. அடுக்குமாடி வீட்டுக்குக் கொல்லைப்புறம் கிடையாது. பொருள் போனால் சொல்லும் பின்னாலேயே போய்விடுகிறது. ஒரு பாட்டிகதையில் ‘கொல்லையில் முருங்கை மரம்’ என்று வந்தால் உயர்நிலை ஒன்று மாணவன், யாரையோ கொல்வது பற்றி என்று நினைக்கிறான். சிரிக்கலாம், ஆனால் இது வகுப்பில் நடப்பதுதான்.

அந்தக் காலத்தில் வீட்டுக் கொல்லை என்பது யாரிடம் இருந்தது என்று பார்த்தால் இரண்டு வகைக் கொல்லை தெரியும். ஒன்று வசதியானவர்களின் பங்களாத் தோட்டம். நம் தேசிய மலரே அப்படி ஒரு வீட்டுத் தோட்டத்திலிருந்து வந்ததுதான். தஞ்சோங் பகாரில் வசித்த ஆர்மீனியப் பெண்மணி ஆக்னஸ் ஜோக்கிம் வளர்த்த ஆர்க்கிட் அது. 1893ல் அதைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்ரி ரிட்லியிடம் காட்டினார். அவர் அதைப் புதிய கலப்பினம் என்று எழுதி, ‘வாண்டா மிஸ் ஜோக்கிம்’ என்று பெயரும் கொடுத்தார். தோட்டத்தில் தானாக முளைத்ததை அவர் கண்டெடுத்தாரா, அவரே இரண்டு செடிகளைச் சேர்த்து உருவாக்கினாரா என்று நூறாண்டுக்கு மேல் வாக்குவாதம் நடந்தது. ஒரு பெண் தன் வீட்டுத் தோட்டத்தில் இதைச் செய்திருக்க முடியாது என்ற நினைப்பும் அந்த வாக்குவாதத்துக்குள் இருந்தது என்பது என் எண்ணம். 2016ல்தான் அவரே உருவாக்கியவர் என்று அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டார்கள். 1981 ஏப்ரல் 15ல் தேசிய மலராக அறிவிக்கப்பட்டபோது அவர் இறந்து கிட்டத்தட்ட 82 ஆண்டு ஆகியிருந்தது.

இன்னொரு வகை, தொழிலாளியின் பாத்தி. சிங்கப்பூரில் இன்று வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல, பாலத்துக்கு அந்தப் பக்கம் மலாயத் தோட்டங்களில் ஒரு தலைமுறையாவது இருந்துவிட்டு வந்தவை. அந்தத் தோட்டங்களுக்கான தொழிலாளர் சட்டத்தில், குடும்பத்தோடு இருக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஒதுக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்க. ஏறத்தாழ 2,720 சதுர அடி, அதாவது 253 சதுர மீட்டர். இன்றைய நாலறை வீடு 90 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட மூன்று வீடு அதற்குள் அடங்கும்!

ஏன் இவ்வளவு தாராளம்? முதல் உலகப் போர் முடிந்த கையோடு 1919லிருந்து 1921 வரை மலாயாவில் கடுமையான அரிசித் தட்டுப்பாடு. சாப்பிடும் அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. நாடு முழுக்க ரப்பரை நட்டுவிட்டு அரிசியை வெளியே வாங்கினால் என்ன ஆகும் என்பது அப்போதுதான் உறைத்தது. தொழிலாளி தானே கீரையும் கிழங்கும் போட்டுக்கொண்டால் கூலியை அதிகம் உயர்த்த வேண்டியதில்லை என்பதும் முதலாளிகளின் கணக்கு. ரப்பர் விலை விழும்போது கூலியைக் குறைத்தாலும், பாத்தி இருக்கிறதே என்று ஆறுதல் சொல்லலாம். அதனால் இந்த விதியைக் கருணை என்று மட்டும் எழுதிவிடாதீங்க. சட்டத்தில் இருந்த நிலம் எல்லாத் தோட்டத்திலும் கைக்கு வந்தது என்றும் எழுதிவிடாதீங்க. பால்மரம் வெட்ட விடியற்காலையில் போய், மத்தியானம் பால் கொட்டிவிட்டு வந்த உடம்போடுதான் அந்தப் பாத்தியைக் கொத்தணும். பெரும்பாலும் அதைக் கொத்தியவர்கள் பெண்கள். மரவள்ளி, முருங்கை, பாகல், கத்தரி, மிளகாய், அவரை. வீட்டு வாசலில் சாமிக்கும் தலைக்கும் ஆகிற கனகாம்பரம், மல்லிகை, செம்பருத்தி. தாழ்வாரத்துத் தொட்டியில் நாம் இன்று வைத்திருப்பது இந்தப் பட்டியலின் சுருக்கம்தான்.

இப்போது 1942க்கு வருவோம். சமூகவியல், வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு இது தெரிந்த ஆண்டு. மார்சிலிங் அந்தக் கதையின் வாசலிலேயே இருக்கிறது. ஜனவரி 31ல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜொகூர் பாலத்தைத் தகர்த்தது. பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் சாரிம்புன் கரையில் இறங்கினார்கள், அடுத்த இரவு கிராஞ்சியில். பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் வீழ்ந்தது, பெயர் சியோனான் ஆனது. கப்பல் போக்குவரத்து நின்றது, பர்மா அரிசி நின்றது. 1919ல் வந்த அதே ஆபத்து பத்து மடங்காக வந்தது.

‘அதிகம் பயிரிடுங்கள்’ என்று ஜப்பானிய நிர்வாகம் இயக்கம் நடத்தியது. வீட்டு முற்றம், பள்ளித் திடல், சாலையோரம் எல்லாம் பாத்தியாக மாறின. பள்ளியில் பிள்ளைகள் புத்தகத்தைவிட மண்வெட்டியை அதிகம் பிடித்தார்கள். 1944 வாக்கில் ஆண் ஒருவருக்கு மாதம் 8 காட்டி அரிசிதான் பங்கீடு, பெண்ணுக்கு 6, குழந்தைக்கு 4. ஒரு காட்டி 600 கிராம் என்றால், வளர்ந்த ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு 160 கிராம். அதைக் கையில் அள்ளிக் காட்டுங்க, வகுப்பறையில் ஒரு தராசு இருந்தால் இன்னும் நல்லது. வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டை மூட்டையாகக் கொடுத்தாலும் கறுப்புச் சந்தையில் அரிசி கிடைக்காத நிலை வந்தது.

மரவள்ளிதான் காப்பாற்றியது என்று பெரியவர்கள் எல்லாரும் சொல்வாங்க. அது உண்மை, ஆனால் பாதி உண்மை. குச்சியை ஒடித்து நட்டால் வரும், கெட்ட மண்ணிலும் வரும். ரப்பரும் காம்பியரும் உறிஞ்சிப்போட்ட மண்ணில் வேறு எது வளரும்? ஆனால் கிழங்கு முற்ற எட்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்கச் சர்க்கரைவள்ளி நட்டு, கிழங்கு வரும் முன்னே அதன் இலையைக் கீரையாகச் சமைத்தார்கள். மரவள்ளி மாவில் ரொட்டி, மரவள்ளி மாவில் மீ, மரவள்ளி இலையில் கூட்டு. வயிறு நிறையும், ஆனால் அதில் புரதமும் குறைவு, வைட்டமின் பி1ம் குறைவு. கால் வீங்கி மூச்சு வாங்கும் பெரிபெரி நோய் பரவியது அதனால்தான். சரியாக வேகவைக்காத கிழங்கில் சயனைட் நஞ்சு வேறு உண்டு. வீட்டுத் தோட்டம் உயிரைக் காத்தது என்று எழுதும் மாணவர், அந்தத் தோட்டத்தால் ஈடுசெய்ய முடியாதது என்ன என்றும் இரண்டு வரி எழுதினால் அதுதான் வரலாற்றுக் கட்டுரை. நல்ல மதிப்பெண் அங்கேதான் இருக்கு.

கொஞ்சம் கடலைத் தாண்டிப் பாருங்க. மரவள்ளி தென்னமெரிக்கச் செடி, போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதைத் திருவிதாங்கூரில் ஏழைகளின் பஞ்ச உணவாகப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட மன்னர் விசாகம் திருநாள். 1942ல் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரையும் பெருமளவு தாங்கியது அதே மரவள்ளிதான். செம்பவாங் கடற்படைத் தளத்துக்கு வேலைக்கு வந்த மலையாளிகளுக்கும் தெற்குத் தமிழர்களுக்கும் இந்தக் கிழங்கு புதிதல்ல. தாய்வீட்டில் உறவினர் அதைச் சாப்பிட்ட அதே ஆண்டில் இவர்களும் இங்கே அதையே சாப்பிட்டார்கள், கடிதம் போக்குவரத்து இல்லாததால் ஒருவருக்கொருவர் தெரியாமல்! பிரிட்டனிலும் அதே காலத்தில் ‘வெற்றிக்காகத் தோண்டுங்கள்’ என்று இயக்கம் நடந்தது, லண்டன் ஹைட் பார்க்கிலேயே காய்கறிப் பாத்தி போட்டார்கள். இயக்கத்தின் பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அங்கே பங்கீட்டு உணவுக்கு மேல் கூடுதலாகத் தோட்டம், இங்கே பங்கீடு பொய்த்துப்போன இடத்தில் தோட்டம்.

சிங்கப்பூரில் வாய் குறையட்டும் என்று ஆட்களையே வெளியேற்றும் திட்டமும் வந்தது. ஜொகூரில் எண்டாவுக்குச் சீனர்களையும், நெகிரி செம்பிலானில் பஹாவுக்கு யூரேசியர்களையும் கத்தோலிக்கர்களையும் காடு வெட்டிப் பயிரிட அனுப்பினார்கள். பஹாவில் மலேரியாவால் பலர் இறந்தார்கள். மலாயத் தோட்டத் தமிழர்களுக்கு நேர்ந்தது அதைவிடக் கொடுமை. ரப்பர் ஏற்றுமதி நின்றதால் வேலை இல்லை. ஆண்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். லயத்தில் மிஞ்சியது பெண்கள், பிள்ளைகள், அந்தப் பதினாறில் ஒரு பங்கு நிலம். அந்தப் பாத்திகளைப் பற்றி யாரும் பெரிதாக எழுதி வைக்கவில்லை.

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979ல் தொடங்கப்பட்டது. ஜப்பானியர் காலத்தைப் பற்றி அங்கே பலருடைய நேர்காணல்கள் இருக்கின்றன, தமிழர்களுடையதும் உண்டு. தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் பார்க்கலாம். உயர்நிலை மூன்று, நான்கு மாணவர்களுக்கு ஒரு வார வேலையாகக் கொடுக்கலாம். இந்த ஒரு வேலை, பத்துக் கட்டுரைப் பயிற்சிக்குச் சமம் என்று நான் நினைக்கிறேன்.

போருக்குப் பின் கம்பத்து வாழ்க்கை. அதை ரொம்ப இனிப்பாகச் சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. கம்பத்து வீட்டைச் சுற்றி ரம்புத்தான், பலா, தென்னை, வாழை, முருங்கை இருந்தது உண்மை. நிலம் யாருடையது என்பதுதான் கேள்வி. பலருக்கு அது சொந்த நிலம் இல்லை. அரசு நிலத்தில் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தோடு இருந்தார்கள், அல்லது நில முதலாளிக்கு வாடகை கட்டினார்கள். 1960ல் வீவக உருவானது, 1966ல் நில எடுப்புச் சட்டம் வந்தது. 1970களில் உட்லண்ட்ஸ் புதுநகரம் எழுந்தபோது முதலில் வீடுகள் கட்டிய பகுதிகளில் மார்சிலிங்கும் ஒன்று. கம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாயின.

மறுகுடியமர்வுக்கு இழப்பீடு கொடுக்கும்போது அதிகாரிகள் வீட்டை மட்டும் அளக்கவில்லை. பயிர், பழமரம் ஆகியவற்றையும் கணக்கெடுத்து அவற்றுக்கும் தொகை கொடுத்தார்கள். தென்னைக்கு ஒரு விலை, கீரைப்பாத்திக்கு ஒரு விலை. இதை யோசித்துப் பாருங்க. ஒரு குடும்பம் இருபது, முப்பது ஆண்டு வளர்த்த கொல்லை முதல்முறையாகக் காகிதத்தில் பதிவானது, அதை அழிக்கப்போகும் நேரத்தில்தான். உங்க மாணவர்களில் யாருடைய வீட்டிலாவது அப்படிப்பட்ட பழைய கடிதம் இருந்தால் தயவுசெய்து அதைத் தூக்கிப் போடவிடாதீங்க. குழாய்த் தண்ணீர், மின்சாரம், வீட்டுக்குள் கழிவறை, தீப்பிடிக்காத சுவர் எல்லாம் கிடைத்தது. அதை வேண்டாம் என்று சொன்ன கம்பத்துப் பெண்மணி யாரையும் நான் சந்தித்ததில்லை. கொல்லை போனதில் வருத்தம் இல்லை என்று சொன்னவரையும் சந்தித்ததில்லை.

அடுக்குமாடிக்குப் போனபோது மரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. எதைத் தொட்டிக்குள் வைக்க முடியுமோ அது வந்தது. கறிவேப்பிலையின் பக்கக் கன்று, கற்பூரவள்ளியின் ஒரு கிளை, துளசி விதை. முருங்கையும் வாழையும் நின்றுவிட்டன. பசியாற்றும் செடிகள் கீழே தங்கிவிட்டன, மணமும் மருந்தும் சாமியும் மாடிக்கு வந்தன. பூவில் கனகாம்பரம், சாமந்தி ஏதோ தொட்டியில் தாக்குப்பிடித்தது. சரமாகக் கட்டும் அளவுக்கு மல்லிகை வேண்டுமென்றால் தேக்காவுக்குப் போய், தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வந்ததை வாங்கும் நிலை.

அரசாங்கத்துக்கும் அப்போது செடிகள் மேல் ஆசை வந்திருந்தது. 1963 ஜூன் 16ல் திரு லீ குவான் யூ ஃபேரர் சர்க்கஸில் ஒரு மெம்பாட் மரம் நட்டார், 1967 மே மாதத்தில் பூந்தோட்ட நகரத் திட்டத்தை அறிவித்தார். 1971 நவம்பர் 7 முதல் மரம் நடும் நாள். அது நிழலும் அழகும் முதலீட்டாளர் நம்பிக்கையும் சார்ந்த தோட்டம். கீரைப் பாத்திக்கு அதில் இடமில்லை. பூந்தோட்ட நகரத் திட்டத்துக்கு அடுத்த ஆண்டே, 1968ல், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டம் வந்தது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு டெங்கிக் கொசுவின் தொட்டிலாகிவிடும் என்பது உண்மையான ஆபத்துதான். இப்போது டெங்கித் தடுப்புக்குச் சொல்லித்தரும் ஐந்து வழிகளைப் பாருங்க. இறுகிய மண்ணைக் கிளறுவது, தொட்டித் தட்டைக் கவிழ்ப்பது, பூச்சாடித் தண்ணீரை மாற்றுவது என்று மூன்று செடி சம்பந்தப்பட்டவை. தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீயணைப்பு விதி. அதற்கும் காரணம் இருக்கிறது. ஆனால் இப்படிச் சுருங்கிச் சுருங்கி, நிலத்தில் கொத்திய கை, தொட்டித் தட்டைத் துடைக்கும் கையாகிவிட்டது என்பதும் உண்மை. புளோக்குக்குக் கீழே நிற்கும் மாமரத்தில் பழம் பறிக்கவே அனுமதி வேண்டும்.

2005ல் தேசியப் பூங்காக் கழகம் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தைத் தொடங்கியது. குடியிருப்பாளர்கள் சேர்ந்து புளோக்குக்கு அடியில் சமூகத் தோட்டம் போடலாம். அதில் மலாய்ப் பாட்டி கங்கோங் நடுவார், சீனத் தாத்தா பாகல் ஏற்றுவார், நம்ம அக்கா வெண்டைக்காய் போடுவார். பலமொழிச் சூழல் பற்றி வாய்மொழித் தேர்வில் பேச இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. 2016லிருந்து ஹார்ட்பார்க்கில் தொடங்கி, பூங்காக்களில் வாடகைப் பாத்தியும் கிடைக்கிறது. அளவு 2.5 மீட்டருக்கு 1 மீட்டர். முன்னால் சொன்ன தோட்டத் தொழிலாளியின் 253 சதுர மீட்டரை நினைவில் வைத்திருக்கிறீர்களா? அதில் நூறில் ஒரு பங்கு. அதற்கே வரிசையில் ஆள் நிற்கிறார்கள்.

அடுத்து 2020. மார்ச் 16 இரவு மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தது. மார்சிலிங், உட்லண்ட்ஸ் மக்களுக்குப் பாலம் என்பது சன்னலைத் திறந்தால் தெரிகிற விஷயம். ஜொகூரிலிருந்தும் கேமரன் மலையிலிருந்தும் காய்கறி ஏற்றிய லாரிகள் அதன் வழியாகத்தான் வருகின்றன. மறுநாள் பேரங்காடிகளில் நீண்ட வரிசை. சரக்கு லாரிகள் தொடர்ந்து வந்தன, பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாடு என்பது அந்த ஒரு நாளில் எல்லாருக்கும் உறைத்தது. அந்த ஜூன் மாதம் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு இலவசக் காய்கறி விதை அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. லட்சக்கணக்கான வீடுகளுக்கு விதை போனது.

1942க்கும் 2020க்கும் ஒப்பீடு எழுதச் சொல்லலாம். இரண்டிலும் அரசு வீட்டுக்காரரைப் பார்த்துப் பயிரிடுங்கள் என்றது. முதலாவதில் மறுக்க முடியாது, சோற்றுக்கு வேறு வழியும் இல்லை. இரண்டாவதில் விதை தபாலில் வந்தது, விருப்பம் இருந்தால் போடலாம். விதை வந்தது, ஆனால் பல வீடுகளில் எப்படிப் போடுவது என்று தெரிந்த ஆள் இல்லை. நாற்றுக்கு எப்போது தண்ணீர், மரவள்ளிக் குச்சியில் எத்தனை கணு மண்ணுக்குள் போகணும் என்பதெல்லாம் 1942ல் தோட்டத்துக் குழந்தைக்கும் தெரியும். அந்த அறிவைச் சுமந்திருப்பவர்கள் இப்போது எண்பது, தொண்ணூறு வயதில் இருக்கிறார்கள். சிலர் உங்க மாணவர் வீட்டு ஹாலில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

கடைசியாக, வகுப்பில் செய்து பார்க்க ஒரு விஷயம். கற்பூரவள்ளியை நாம் விதை போட்டு வளர்ப்பதில்லை. ஒரு கிளையை ஒடித்து நடுகிறோம். அறிவியல்படி அது தாய்ச்செடியின் உடம்பே, புதுப் பிள்ளை அல்ல. பாட்டி கம்பத்திலிருந்து ஒடித்து வந்த கிளை, அம்மாவின் தொட்டிக்குப் போய், அங்கிருந்து பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தால், எல்லாம் அந்த ஒரே செடிதான். ஆக்னஸ் ஜோக்கிம் ஆர்க்கிட்டையும் அப்படித்தான் தண்டை வெட்டி வெட்டிப் பரப்பினார்கள். இன்று பூங்காவில் பார்க்கும் பல செடிகள் அந்தத் தஞ்சோங் பகார் வீட்டுச் செடியின் தொடர்ச்சி.

அதனால் மாணவர்களிடம் ‘செடி வளர்ப்பதன் பயன் என்ன’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘உங்க வீட்டுச் செடி யார் கொடுத்தது, அவங்களுக்கு யார் கொடுத்தாங்க’ என்று கேட்கச் சொல்லுங்க. பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கணும், பதில் நிற்கும் வரை. பெயர், உறவுமுறை, எந்த ஆண்டு, எந்த புளோக், அதற்கு முன் எந்தக் கம்பம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரட்டும். பதில் பாலத்தைத் தாண்டி மலேசியத் தோட்டம் ஒன்றுக்குப் போனால், அதன் பெயரை இரண்டு விதமாகவும் கேட்டு எழுதச் சொல்லுங்க. கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும், நம்ம ஆட்கள் கூப்பிட்ட தமிழ்ப் பெயர் வேறாக இருக்கும். வரைபடத்தில் முதலாவது மட்டும்தான் கிடைக்கும்.